ஆளில்லாத மலை வேணும்: கிர்கிஸ்தான், ஜிர்கலான் பக்கம்

மேகமலைவாசி | 19 ஜனவரி 2025

உத்தராகண்ட்ல கேதார்கந்தா மலைக்குப் போயிட்டு வந்தேன். உச்சியில போட்டோ எடுக்க வரிசை, கூடாரம் போடற இடத்துல ஸ்பீக்கர்ல பாட்டு. போதும்டா சாமி. வர்ற ஜூலை, ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் லீவு கிடைக்கும். யாரும் அதிகம் போகாத நாடு, மனுச நடமாட்டமே இல்லாத பாதை, கூடாரத்தைத் தூக்கிட்டு நடக்கணும். கிர்கிஸ்தான்ல கோல்-சூன்னு ஒரு ஏரி ரீல்ஸ்ல பார்த்தேன். அது சரியா வருமா? என் கணக்கு இதுதான்: ஆள் எவ்வளவு குறைவோ ட்ரெக் அவ்வளவு நல்லா இருக்கும்.

கட்டுச்சோறு | 19 ஜனவரி 2025, இரவு

ரீல்ஸ்ல வந்த ஏரியில ஆளில்லாம இருக்குமா தம்பி? கோல்-சூவுக்கு சீசன்ல நரின் பக்கமிருந்து ஜீப் மேல ஜீப். சீன எல்லை பக்கத்துலயே இருக்கறதால எல்லைப் பகுதி அனுமதி தனியா வாங்கணும். போதாக்குறைக்கு அந்த ஏரி சில சமயம் வடிஞ்சு சேறா கிடக்கும். அனுமதி, ஜீப் எல்லாத்துக்கும் காசு கட்டிப் போய் சேத்தைப் பார்த்துட்டு வந்தவங்க உண்டு.

அலா-கோல் ஏரி பத்தியும் அடுத்து கேப்பீங்க. அழகுதான். அந்த நாட்டுலயே அதிகம் பேர் நடக்கற பாதையும் அதுதான்.

உங்க கணக்குல எனக்கு உடன்பாடு இல்ல. தூக்கம் வருது, நாளைக்கு.

கட்டுச்சோறு | 20 ஜனவரி 2025

கிர்கிஸ்தான் பரப்புல தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. மக்கள்தொகை 70 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, அதுலயும் பத்து லட்சத்துக்கு மேல பிஷ்கெக் நகரத்துலயே இருக்காங்க. மிச்சமெல்லாம் மலை. அங்க ஆளில்லாத பள்ளத்தாக்கைத் தேடவே வேண்டாம், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். தேடிப் பிடிக்க வேண்டியது ஆள் இருக்கற பள்ளத்தாக்கைத்தான்.

நான் சொல்ற ஆள் ட்ரெக்கர் இல்ல, மேய்ச்சக்காரங்க. கோடையில ஆடு, மாடு, குதிரையோட குடும்பமா மேல ஏறி, புல்வெளியில யுர்த்ங்கற வட்டக்கூடாரம் போட்டு இருப்பாங்க. அந்தக் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு ஜைலூன்னு பேரு. செப்டம்பர் பாதிக்குள்ள கிட்டத்தட்ட எல்லாரும் இறங்கிடுவாங்க. எந்தப் பாலம் அடிச்சுட்டுப் போச்சு, எந்தக் கணவாயில இன்னும் பனி கிடக்கு, ஆறு எந்த இடத்துல அகலமா ஓடுதுங்கறது அவங்களுக்குத் தெரியும். கால் பிசகினா குதிரை அவங்ககிட்டதான் இருக்கு. போன்ல சிக்னல் இல்லாத இடத்துல ஆஸ்பத்திரிக்கான முதல் அரை வழியே அந்தக் குதிரைதான்.

அதனால பாதையைத் தேர்ந்தெடுக்கறப்போ நான் பார்க்கறது ஒண்ணே ஒண்ணு: ஒவ்வொரு நாளும் சாயங்காலத்துக்குள்ள ஒரு ஜைலூவாவது எட்டிப் போற தூரத்துல இருக்கா? கணவாய் தாண்டற ஒரு நாளைக்கு இல்லாம போகலாம். தொடர்ந்து ரெண்டு நாளைக்கு இல்லைன்னா அந்தப் பாதை, தனியாப் போற முதல் தடவைக்கு வேண்டாம்.

ஜிர்கலான் பாருங்க. காரகோல் ஊருக்குக் கிழக்கே, வண்டியில ரெண்டு மணி நேரத்துக்குள்ள. சோவியத் காலத்து நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத் தொழில் படுத்ததும் ஊரும் காலியாக ஆரம்பிச்சது, இப்போ விருந்தினர் வீடுகளை வச்சு எழுந்திருக்கு. ஊரே சுமார் 2,300 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்கிருந்து ரெண்டு ட்ரெக் பாதை: கெஸ்கென்கியா சுற்றுன்னு ஒண்ணு, போஸ்-உசுக் ஏரிகள் வழியா மேற்கே இறங்கறது ஒண்ணு. ரெண்டுலயும் ஆடும் குதிரையும் நிறைய பார்ப்பீங்க, ட்ரெக்கர்களைக் கொஞ்சம்தான் பார்ப்பீங்க.

அரைப்படி | 20 ஜனவரி 2025

கிர்கிஸ்தான்னா எம்பிபிஎஸ் படிக்கப் போற ஊர்னு நினைச்சேன். நடக்கவும் போலாமா?

கட்டுச்சோறு | 20 ஜனவரி 2025

போலாம். நீட் எழுத வேண்டாம்.

கட்டுச்சோறு | 22 ஜனவரி 2025

போற வழி. நான் போனது டில்லியிலிருந்து அல்மாட்டி. கஜகஸ்தான்ல இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2022 ஜூலையிலிருந்து 14 நாள் வரை விசா தேவையில்ல. அல்மாட்டியிலிருந்து பிஷ்கெக் சுமார் 240 கிலோமீட்டர், கோர்தாய் எல்லையில இறங்கி நடந்து தாண்டணும். கிர்கிஸ்தானுக்கு இ-விசா, இணையத்துலயே விண்ணப்பிக்கலாம்.

பிஷ்கெக்கிலிருந்து காரகோல் 400 கிலோமீட்டர். மேற்கு பேருந்து நிலையத்துல மார்ஷ்ருத்கா நிக்கும். நம்ம ஊர் மேக்சி கேப் அளவு வேன், ஆள் நிரம்பினாத்தான் கிளம்பும். பங்கு டாக்சியும் உண்டு. இஸ்ஸிக்-கோல் ஏரியை ஒட்டியே ரோடு போகுது. 180 கிலோமீட்டர் நீள ஏரி, பார்த்துப் பார்த்து அலுத்துப் போய் தூங்கிடுவீங்க.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கு. அல்மாட்டியிலிருந்து கிழக்கே கேகென் போய், கார்கிரா எல்லை தாண்டி நேரா காரகோல். பிஷ்கெக் போகவே வேண்டாம்.

கட்டுச்சோறு | 23 ஜனவரி 2025

நேத்து கார்கிரா பத்தி எழுதினதை இதோட சேர்த்துப் படிங்க. அந்த வாசல் கோடையில மட்டும்தான் திறந்திருக்கும். இ-விசாக்காரங்க எந்தெந்த எல்லை வழியா நுழையலாம்னு விசா தளத்துலயே பட்டியல் போட்டிருக்கு. கார்கிரா அதுல இருந்தா மட்டும் யோசிங்க. எல்லையைத் தாண்டி வழக்கமான பஸ்ஸும் கிடையாது, அந்தப் பக்கம் டாக்சிக்குச் சொல்லி வச்சுட்டுத்தான் போகணும். மொதல் தடவைக்கு கோர்தாயே போதும்.

மேகமலைவாசி | 2 பிப்ரவரி 2025

அக்கா, வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கிட்டேன், மூச்சு வாங்கல. இது போதுமா? இன்னொண்ணு: நான் சைவம்.

கட்டுச்சோறு | 2 பிப்ரவரி 2025

காலுக்குப் போதும், தலைக்குப் போதாது. தென்னிந்தியாவுலயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். ஜிர்கலான்ல ரெண்டாம் நாள் ராத்திரி நீங்க படுக்கற இடமே அதைவிட உசரமா இருக்கலாம். நம்ம பக்கத்து மலையை எத்தனை தடவை ஏறினாலும் உடம்புக்கு உசரம் பழகாது. 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, படுக்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாதுன்னு சொல்வாங்க. 300 இன்னும் நல்லது. பகல்ல மேல ஏறிட்டுக் கீழ வந்து படுக்கறதுல தப்பில்ல. தலைவலி, குமட்டல் வந்துச்சுன்னா அங்கயே நிக்கணும். குறையலைன்னா இறங்கணும். உசரத்துக்கு உடம்பு பழக உதவற டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்கணும், சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க அதை முன்னாடியே அவர்கிட்ட சொல்லணும்.

கேதார்கந்தாவுல உங்களுக்குத் தலைவலி வந்துச்சா? அதை எழுதுங்க.

கட்டுச்சோறு | 3 பிப்ரவரி 2025

சைவம். இதுக்குத் தனியா எழுதணும்.

மாமிசம் இல்லாத சாப்பாட்டை அந்த மலையில யாரும் சாப்பாடாவே நினைக்கறதில்ல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அந்த உசரத்துல நெல்லும் விளையாது கத்திரிக்காயும் விளையாது. "எத் ஜெபெய்ம்"னு சொல்லிப் பழகுங்க, மாமிசம் சாப்பிட மாட்டேன்னு அர்த்தம். சொன்னதும் பரிதாபமா பார்ப்பாங்க. அப்புறம் ரொட்டி வரும், கைமாக்னு கட்டிப் பாலேடு வரும், ஜாம் வரும், டீ வரும். என் கூட வந்த பொண்ணு சைவம். ரொட்டியும் கைமாக்கும் தின்னே மலையைச் சுத்தி வந்தா, இறங்கறப்போ எடை கூடியிருந்துச்சு.

சூப்புல கறித்துண்டை எடுத்துட்டு "இப்ப சைவம்"னு கொடுப்பாங்க. முகம் சுளிக்காதீங்க, ரொட்டிக்குத் தாவுங்க.

சுமக்கறதுக்கு: இங்கிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், சத்துமாவு. அங்க கடையில பாஸ்தா, நூடுல்ஸ், வெந்நீர் ஊத்தினா மசியற உருளைக்கிழங்குப் பொடி, கிரேச்காங்கற ஒரு தானியம். கிரேச்காவை வேகவச்சு பருப்புப்பொடி போட்டுப் பிசைஞ்சா தள்ளிவிடலாம். காரகோல்ல டுங்கன் மக்கள் (சீனாவிலிருந்து வந்து குடியேறினவங்க) செய்யற அஷ்லான்-ஃபூன்னு ஒண்ணு, குளுகுளுன்னு புளிப்பும் காரமுமா நூடுல்ஸ். கறி இல்லாமலே கிடைக்கும், ஆனாலும் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. நடந்து முடிச்சு வந்து நான் முதல்ல தேடிப் போறது அதைத்தான்.

அரைப்படி | 3 பிப்ரவரி 2025

குதிரைப்பால் குடிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல.

கட்டுச்சோறு | 3 பிப்ரவரி 2025

குடிச்சேன். கிமிஸ். நல்லாப் புளிச்ச மோரை விறகடுப்புப் புகையில காட்டின மாதிரி. கொஞ்சம் போதையும் உண்டு, வீட்டுல சொல்லாதீங்க. குட்டியைப் பகலெல்லாம் கட்டி வச்சு, தாய்க்குதிரையை மணிக்கணக்கு வச்சு மறுபடி மறுபடி கறப்பாங்க. முதல் நாளே பெரிய கிண்ணமா வாங்கிடாதீங்க, பழகாத வயிறு கேள்வி கேக்கும். ஒரு வாய் குடிச்சுட்டு நெஞ்சுல கை வச்சு "ரஹ்மத்" (நன்றி) சொன்னா மரியாதை முடிஞ்சது.

மேகமலைவாசி | 16 பிப்ரவரி 2025

கேதார்கந்தாவுல கடைசி ராத்திரி லேசா தலைவலி, காலையில சரியாயிடுச்சு. பழைய ரஷ்ய ராணுவ மேப் இணையத்துல கிடைக்குது, அதுல எல்லாப் பாலமும் பாதையும் இருக்கு. அதை வச்சு நானே ஒரு புதுப் பாதை போட்டுட்டேன், கிழக்கே எனில்செக் பக்கம். அஞ்சு நாளைக்கு ஒரு மனுசன் கிடையாது!

கட்டுச்சோறு | 16 பிப்ரவரி 2025

வேண்டாம்.

கட்டுச்சோறு | 17 பிப்ரவரி 2025

நேத்து ஒத்தை வார்த்தையில எழுதிட்டேன், காரணம் இது.

அந்த மேப் அருமையான மேப்தான். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், மலையோட மடிப்பு ஒண்ணு விடாம இருக்கும். ஆனா மலை நகரல, மத்ததெல்லாம் நகர்ந்துடுச்சு. அதுல இருக்கற பாலங்கள் சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்துப் பாலங்கள். அப்போ தூரத்து ஜைலூ வரைக்கும் ரோடு, பாலம், லாரி எல்லாத்தையும் அரசாங்கமே பார்த்துக்கிச்சு. 1991க்கு அப்புறம் கூட்டுப்பண்ணைகளைக் கலைச்சாங்க, ஆடுகள் எண்ணிக்கை சடசடன்னு விழுந்துச்சு, தூரத்து மேய்ச்சலுக்குப் போறது கட்டுபடியாகல. பாலத்தைப் பழுது பார்க்க ஆளில்ல. 2009ல மேய்ச்சல் நிலச் சட்டம் வந்து, உள்ளூர் மேய்ச்சல் குழுக்கள்கிட்ட பொறுப்பைக் கொடுத்தாங்க. பக்கத்து ஜைலூ பிழைச்சுது, தூரத்துல சிலது அப்படியே கிடக்கு. நீங்க "அஞ்சு நாளைக்கு மனுசன் கிடையாது"ன்னு சந்தோஷப்படற இடத்துல பாலமும் கிடையாது, அதனாலதான் மனுசனும் இல்ல.

பனியாறும் அப்படித்தான். மேப் போட்ட காலத்துல இருந்த இடத்துலயிருந்து மேல பின்வாங்கிடுச்சு. வெள்ளையா வரைஞ்ச இடத்துல இன்னிக்கு உருளற கல்லு கிடக்கும்.

எனில்செக்குக்கு எல்லைப் பகுதி அனுமதியும் வேணும். அனுமதி இல்லாம காவல்சாவடியில மாட்டினா உங்க ட்ரெக் அங்கயே முடிஞ்சுது.

போன்ல ஆர்கானிக் மேப்ஸ்ங்கற ஆப் போட்டு, அந்த நாட்டு மேப்பை முன்னாடியே இறக்கிக்கங்க. அதுல காட்டற கோடும் சில இடத்துல வெறும் ஆட்டுத்தடம்தான். பழைய மேப்புல மலையைப் பாருங்க, புது மேப்புல பாதையைப் பாருங்க, பாலத்தை மட்டும் ஆள்கிட்ட கேளுங்க.

கட்டுச்சோறு | 17 பிப்ரவரி 2025, மதியம்

ஆறு பத்திக் கொஞ்சம். பனி உருகி வர்ற ஆறு காலையில முழங்காலளவு இருக்கும், மதியத்துக்கு மேல அதே இடத்துல இடுப்பளவு. வெயில் ஏற ஏற மேல பனி உருகும், அந்தத் தண்ணி சாயங்காலம் வரைக்கும் ஏறிட்டே இருக்கும். ராத்திரி குளிர்ல இறங்கிடும். எங்களை ஒரு ஆறு மதியம் நிறுத்திடுச்சு. எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான், அடியில பாறை உருளற சத்தம் கால்ல கேக்குது. ஒரு பையன், பத்து வயசு இருந்தா அதிகம், குதிரையில வந்து எங்களைப் பார்த்தான், ஆத்தைப் பார்த்தான், கையால தூங்கற மாதிரி காட்டினான். அங்கயே கூடாரம் போட்டோம். விடியக்காலம் வந்து அவனே குதிரை பின்னாடி உக்கார வச்சு ஒவ்வொருத்தரா அக்கரை சேர்த்தான். காசு கொடுத்தோம், எண்ணிப் பார்த்துட்டுத்தான் போனான்.

குதிரை இல்லைன்னா: அகலமா பிரிஞ்சு ஓடற இடமாப் பாருங்க, குறுகின இடம் ஆழம். பையோட இடுப்புப் பட்டையைக் கழட்டிவிடுங்க, விழுந்தா பையை உதறணும். வெறுங்கால்ல இறங்காதீங்க. மனசு ஒப்பலைன்னா காலை வரைக்கும் காத்திருங்க. கூட ஒரு நாள் உணவு எடுத்துட்டுப் போகச் சொல்றது இதுக்குத்தான்.

ஓஷ்_மாணவன் | 15 மார்ச் 2025

வணக்கம்கா, நான் கிர்கிஸ்தான் தெற்குல ஓஷ் நகரத்துல மூணாம் வருஷம் மெடிசின், ஊர் விருதுநகர் பக்கம். தெற்குப் பக்கத்தை விட்டுட்டீங்களே. ஓஷ்லயிருந்து தால்திக் கணவாய் தாண்டி சாரி-மோகோல் போனா லெனின் சிகரம் எதிர்லயே, 7,134 மீட்டர். துல்பார்-கோல் ஏரிகிட்ட யுர்த்துல தங்கலாம். ரெண்டு நாளைக்கு முன்னாடி தஜிகிஸ்தானோட எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, எல்லைகளைத் திறக்கறாங்க.

கட்டுச்சோறு | 15 மார்ச் 2025

நல்ல சேதி தம்பி. 2021லயும் 2022லயும் பத்கேன் பக்கம் துப்பாக்கிச் சண்டை நடந்த எல்லை அது, ஜனங்க செத்தாங்க. ஒப்பந்தம் போட்ட கையோட பத்கேன் மலையில ட்ரெக் போகணும்னு யாரும் கிளம்பாதீங்க, ஒரு சீசன் போகட்டும்.

நீங்க சொல்ற அலாய் மலைப் பக்கம் அழகுல குறையே இல்ல. மேகமலைவாசிக்கு நான் சொல்லாததுக்குக் காரணம் உசரம். துல்பார்-கோல் 3,500 மீட்டர். ஓஷ் 1,000 மீட்டர்கிட்ட. ஜீப்புல காலையில கிளம்பி சாயங்காலம் அங்க படுத்தா ராத்திரி தலை பிளக்கும். ரெண்டு நாள் சாரி-தாஷ்லயோ சாரி-மோகோல்லயோ தங்கிப் போற பொறுமை இருந்தா போகலாம். அதுக்கும் எல்லைப் பகுதி அனுமதி வாங்கிடுங்க.

மேகமலைவாசி | 16 மார்ச் 2025

அம்மா கூகுள்ல தேடிட்டாங்க. 2024ல பிஷ்கெக்ல வெளிநாட்டு மாணவர்களை அடிச்சாங்களாமே?

கட்டுச்சோறு | 16 மார்ச் 2025

அடிச்சாங்க, மறைக்க ஒண்ணுமில்ல. மே 17 ராத்திரி, விடிஞ்சா 18. ஒரு சண்டை வீடியோ பரவி, கும்பல் கூடி, விடுதிகளுக்குள்ள புகுந்துட்டாங்க. பாகிஸ்தான், இந்திய மாணவங்க பயந்து அறையை விட்டு வெளிய வரல. நம்ம தூதரகமே உள்ளயே இருங்கன்னு சொல்லுச்சு. ஓஷ் தம்பி, அந்த வாரம் உங்க பக்கம் எப்படி இருந்துச்சு?

ஓஷ்_மாணவன் | 16 மார்ச் 2025

இங்க ஒண்ணும் நடக்கலக்கா. ஆனா வீட்டுலயிருந்து ஒரு நாளைக்குப் பத்து போன். கொஞ்ச நாள் ஆன்லைன்ல கிளாஸ். இப்பவும் ராத்திரி தனியா சுத்த மாட்டோம், பகல்ல பிரச்சனை இல்ல. கிராமத்துப் பக்கம் போனா டீ குடிக்காம விட மாட்டாங்க.

கட்டுச்சோறு | 17 மார்ச் 2025

மலையில எனக்குப் பயம் வந்தது நாயாலதான். மந்தைக்காவல் நாய், ஆள் இடுப்புக்கு நிக்கும், தூரத்துலயே உங்களைப் பார்த்துட்டு நேரா ஓடி வரும். ஓடக்கூடாது. நின்னு, மேய்ச்சக்காரர் காதுல விழற மாதிரி சத்தம் கொடுங்க. அப்பவும் வந்துச்சுன்னா குனிஞ்சு கல்லெடுக்கற பாவனை. நம்ம தெரு நாய்க்குப் புரியற அந்த பாஷை தியான் ஷான் மலை நாய்க்கும் நல்லாவே புரியுது. மந்தையை ஊடுருவி நடக்காதீங்க, சுத்திப் போங்க.

கட்டுச்சோறு | 6 ஏப்ரல் 2025

அடுத்து சாமான் பட்டியல் கேப்பீங்க. பட்டியல் போட மாட்டேன், இணையம் பூரா கிடக்கு. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற சிக்கலைச் சொல்றேன்.

அடுப்பு கேஸ் டப்பாவை விமானத்துல எந்தப் பையிலயும் ஏத்த முடியாது. பிஷ்கெக்லயோ காரகோல்லயோ வாங்குங்க, திருகு மாட்டற வகை. காரகோல்ல கூடாரம், தூக்கப்பை எல்லாம் வாடகைக்கும் கிடைக்கும், ஜிப் வேலை செய்யுதான்னு கடையிலயே இழுத்துப் பாருங்க.

போன் சிக்னல் இல்லாத இடத்துலயும் சேதி அனுப்பற சாட்டிலைட் தகவல் கருவி வாங்கலாம்னு தோணும். வெளிநாட்டு ட்ரெக்கர் எல்லாம் தோள்ல மாட்டியிருப்பாங்க. அனுமதி இல்லாம இந்தியாவுல அதை வச்சிருந்தாலே குற்றம், நம்ம விமான நிலையங்கள்ல வெளிநாட்டுக்காரங்களே இதுக்காகப் பிடிபட்டிருக்காங்க. இங்கிருந்து கொண்டு போகாதீங்க, அங்க வாங்கி இங்க கொண்டு வராதீங்க. அங்கயே வாடகைக்குக் கிடைச்சா எடுத்து அங்கயே திருப்பிக் கொடுத்துடுங்க. ஜைலூ, ஜைலூன்னு நான் கத்தறதுக்கு இதுவும் ஒரு காரணம். அவசர எண் 112, ஆனா பள்ளத்தாக்குல போன் எடுக்காது.

காப்பீடு வாங்கறப்போ "எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும்"ங்கற வரியைத் தேடுங்க. ட்ரெக்கிங்னு பெருசா எழுதியிருக்கும், உயரத்தைப் பொடி எழுத்துல எழுதியிருக்கும்.

பணம்: ஒரு சோம் இப்போ கிட்டத்தட்ட ஒரு ரூபாய். கணக்குப் போடவே வேண்டாம், நம்ம ஆளுங்களுக்கு இதைவிட வசதியான நாடு கிடையாது. காரகோலைத் தாண்டினா கார்டை மறந்துடுங்க. சின்ன நோட்டா வச்சுக்கங்க. யுர்த்துல சாப்பிட்டா, தங்கினா காசு கேட்டுக் கொடுத்துடுங்க. "விருந்தோம்பல்"னு சொல்லிக்கிட்டு ஓசியில தின்னுட்டு வர்றவங்களை எனக்குப் பிடிக்காது, அந்தக் கோடை ரெண்டு மூணு மாசம்தான் அவங்க வருமானம்.

அரைப்படி | 6 ஏப்ரல் 2025

பட்டியல் போட மாட்டேன்னு சொல்லிட்டு இவ்வளவு பெரிய பட்டியலா?

கட்டுச்சோறு | 6 ஏப்ரல் 2025

எண் போடலையே.

கட்டுச்சோறு | 11 மே 2025

தேதி விஷயம். ஜனவரியில "ஜூலை"ன்னு சொன்னப்போ நானும் சும்மா விட்டுட்டேன், இப்ப யோசிச்சா ஜூலை முதல் வாரம் கிளம்பறதைத் தள்ளலாம்னு படுது. கணவாய்களோட வடக்குச் சரிவுல அப்போ பனி மிச்சமிருக்கலாம், ஆறும் உச்சத்துல ஓடும். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் பாதி சரியா இருக்கும். ஜைலூ நிறைஞ்சிருக்கும், எடெல்வைஸ் பூ களை மாதிரி காலடியில மண்டிக் கிடக்கும். மதியத்துக்கு மேல இடி மின்னலோட மழையோ ஆலங்கட்டியோ வர்றது சகஜம். கணவாயைப் பன்னிரண்டு மணிக்குள்ள தாண்டற மாதிரி கிளம்புங்க.

மேகமலைவாசி | 12 மே 2025

லீவு மாத்திட்டேன், ஜூலை 26 கிளம்பறேன். கெஸ்கென்கியா சுற்று, முடிஞ்சா போஸ்-உசுக். ஒரு சந்தேகம் மட்டும்: இவ்வளவு ஆளோட போறதுன்னா அப்புறம் கூட்டமில்லாத மலைன்னு என்ன அர்த்தம்?

கட்டுச்சோறு | 12 மே 2025

கேதார்கந்தாவுல உங்களைத் தொந்தரவு பண்ணினது உங்களை மாதிரியே பொழுதுபோக்க வந்த ஆளுங்க. ஜைலூவுல இருக்கறவங்க வேலையில இருக்காங்க, உங்களை ஏறெடுத்துப் பார்த்துட்டு மறுபடி ஆட்டைப் பார்ப்பாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு யுர்த் தாண்டுவீங்க, மிச்ச நேரம் நீங்களும் மலையும்தான். சலிச்சுப் போற அளவுக்குத் தனிமை கிடைக்கும், கவலைப்படாதீங்க.

கூட யார் வர்றாங்க? தனியான்னு சொன்னா அடுத்த பதிவு திட்டு.

மேகமலைவாசி | 12 மே 2025

மாமா பையன் வர்றான். அவன் அசைவம்.

கட்டுச்சோறு | 12 மே 2025

உங்க சூப்பு கறித்துண்டுக்கு ஆள் கிடைச்சாச்சு.

மேகமலைவாசி | 14 ஆகஸ்ட் 2025

வந்துட்டோம். சுருக்கமா: கெஸ்கென்கியா சுற்று முடிச்சோம். போஸ்-உசுக் கணவாய்க்கு ஏறறப்போ பத்து மணிக்கே இருட்டிட்டு வந்துச்சு, ஆலங்கட்டி. திரும்பி இறங்கி, முந்தின நாள் டீ குடிச்ச யுர்த்துக்கே போனோம். ஒரு நாள் பூரா அங்கயே. மாமா பையன் ஆட்டுக்குட்டி புடிக்கக் கத்துக்கிட்டான், என்கிட்ட காய்ச்சல் மாத்திரை கேட்டு வரிசை, ஏன்னா இந்தியன்னா டாக்டர்னு நினைச்சுட்டாங்க. மறுநாளும் மேகம் விடல, போஸ்-உசுக்கை விட்டுட்டு காரகோல் வந்து அஷ்லான்-ஃபூ, ஆளுக்கு ரெண்டு கிண்ணம். அக்கா, நாய் விஷயம் உண்மைதான், குனிஞ்சதும் நின்னுச்சு.

கட்டுச்சோறு | 14 ஆகஸ்ட் 2025

திரும்பினது சரி. மேகம் போடற நேரம் அந்தப் பக்கம் அப்படித்தான் முன்னப் பின்ன இருக்கும், "பன்னிரண்டு மணிக்குள்ள"ன்னு நான் எழுதினதை "வானத்தைப் பார்த்து"ன்னு வச்சுக்கங்க, படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

ரெண்டு கேள்வி. எந்த எல்லை வழியாப் போனீங்க, விசாக்காரங்க ஏதாவது புதுசா கேட்டாங்களா? சுற்றுப் பாதையில எங்கயாவது பாலம் இல்லாம இருந்துச்சா? இடம் சொல்லுங்க, அடுத்த வருஷம் போறவங்க கேப்பாங்க.

மேகமலைவாசி | 15 ஆகஸ்ட் 2025

கோர்தாய்தான். திரும்பற டிக்கெட்டும் முதல் நாள் தங்கற இடமும் காட்டச் சொன்னாங்க, வேற ஒண்ணுமில்ல. மரப்பாலம் ஒண்ணு பாதி உடைஞ்சு கிடந்துச்சு, கொஞ்சம் மேல நடந்தா ரெண்டு மரத்தடி போட்டிருக்காங்க. இடத்தை மேப்புல குறிச்சுட்டேன்.

அரைப்படி | 17 ஆகஸ்ட் 2025

எனக்கு லீவே அக்டோபர்லதான். முட்டி வலி வேற. இதைப் படிச்சுட்டு ஆசையா இருக்கு. ஏதாவது வழி உண்டா?

கட்டுச்சோறு | 17 ஆகஸ்ட் 2025

அக்டோபர்ல ஜிர்கலான் வேண்டாம், மேல ஆளிருக்காது, பனி விழும். தெற்கே அர்ஸ்லான்பாப் போங்க. இயற்கையா வளர்ந்த வால்நட் காடுகள்ல உலகத்துலயே பெருசுன்னு சொல்றாங்க, ஊர் 1,600 மீட்டர்கிட்ட. செப்டம்பர், அக்டோபர் அறுவடை. ஊர் ஜனம் குடும்பத்தோட காட்டுக்குள்ள கூடாரம் போட்டு வால்நட் பொறுக்கும். அருவி வரைக்கும் நடக்கலாம், முட்டி தாங்கும். ஓஷ்லயிருந்து ஜலால்-அபாத் வழியாப் போகணும், ஓஷ் தம்பிக்குத் தெரியும். தனி இழை போடுங்க, அங்க எழுதறேன்.